பிரம்பிலிருந்து அடுப்புக்கு

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சின்னதாக ஒரு கரும்பலகை கண்ணில் படும். வகுப்புவாரியாக இரண்டு எண்கள் அதில் இருக்கும்: பதிவு, வருகை. பதிவு ஜூன் மாதத்தில் நிரம்பிவிடும், அதன்பின் பெரிதாக மாறாது. வருகையைத் தினமும் அழித்து எழுத வேண்டும். வெள்ளாற்று அணைக்கட்டுத் தண்ணீரையும் நெல்லையும் கரும்பையும் நம்பி வாழும் சேத்தியாத்தோப்பு போன்ற வட்டாரங்களில், இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே வெகுகாலம் நின்றது வயல். நடவு தொடங்கினால் அம்மா சேற்றில் இறங்குவாள். தொட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது அக்கா வீட்டில் தங்கிவிடுவாள்.

பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கு வரவைப்பது எப்படி என்ற கேள்வி இங்கே இருநூறு ஆண்டு பழையது. 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, ஊர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கும்படி எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஆணையிட்டார். இன்றைய கடலூர் மாவட்டம் அடங்கிய தென்னாற்காடும் அதில் சேர்ந்தது. 1826-இல் மன்றோ எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. சுமார் ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி.

அந்தப் பள்ளிகளில் வருகைப் பதிவேட்டின் வேலையைப் பார்த்தது பிரம்பு. பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்ப்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில் அதை விவரித்திருக்கிறார். காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மூன்றாவது பையனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அதற்குப் பின்னால் வருபவர்களுக்கு ஆளுக்கு ஒன்றாக அடி கூடிக்கொண்டே போகும்.

பிந்தி வருபவனைப் பிரம்பு திருத்தலாம். வரவே முடியாதவனை அது என்ன செய்யும்? பிள்ளைகளின் கைகால்கள் சிறு வேலைக்குத் தயாரானதுமே ஏழைக் குடும்பங்களுக்கு அந்த உழைப்பு தேவைப்பட்டுவிடுகிறது என்பதையும் கேம்ப்பெல் அதே அறிக்கையில் எழுதினார்.

அந்த அறிக்கை எழுதப்பட்ட 1823-இல்தான் இன்றைய கடலூர் மாவட்டத்து மருதூரில் இராமலிங்க அடிகள் பிறந்தார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அது பள்ளிக்கூடம் அல்ல, பசித்து வந்தவர்க்கெல்லாம் சோறிட்ட இடம். ஆனாலும் பசியை முதலில் தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கல்வித் துறை எட்டிப் பிடிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பகலுணவு போட ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவு கூடாது என்பது நிபந்தனை. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் சோறு போனது. அந்தப் பள்ளிகளில் 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25-இல் 1,671 ஆயிற்று. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிடுவதை ஆங்கில அரசு ஏற்காததால் 1925-இல் திட்டம் நின்றுபோனது.

இதற்கு நேர் எதிரான யோசனை ஒன்றும் வந்தது. 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். மிச்சப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றார். நேரத்தைக் குறைத்தால் கூடுதல் பிள்ளைகள் வருவார்கள் என்பது அவர் தரப்பு வாதம். எதிர்ப்பாளர்கள் அதைக் 'குலக்கல்வி' என்றார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் பதவியேற்றார். அடுத்த மாதமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

காமராஜரும் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும் மறுபடி அடுப்பின் பக்கம் திரும்பினார்கள். 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. முதலில் ஊர் மக்கள் தந்த அரிசியும் காய்கறியும்தான் முதலீடு. அரசு மானியம் வந்தபின் ஒரு சாப்பாட்டின் பத்துக் காசில் அரசு ஆறு காசு தந்தது, ஊர் நான்கு காசு போட்டது. இதனால் பள்ளிக்கூடம் ஊரின் பொறுப்பாகவும் ஆனது.

1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், அதுவரை எல்லாருக்கும் எட்டாதிருந்த சோற்றைக் கிராமந்தோறும் கொண்டு சேர்த்தது. சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலையும் கிடைத்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டபோது, தமிழ்நாட்டுக்கு அது புதுச் செய்தி அல்ல.

மதியச் சோறு இருந்தும் காலை வகுப்பில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். விடிவதற்குள் பெற்றோர் வயலுக்கோ கட்டட வேலைக்கோ கிளம்பும் வீடுகளில் காலைச் சாப்பாடு முந்தைய நாள் பழையதோடு முடிந்துவிடும், சில நாள் அதுவும் இருக்காது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் வந்தன. சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

நடவு நாளில் அக்கா வீட்டில் தங்குவதை உப்புமா மட்டும் மாற்றிவிடாது. தொட்டில் பிள்ளைக்கு அங்கன்வாடியும், வராத பிள்ளையின் வீட்டுக்கு மறுநாளே போய் விசாரிக்கிற ஆசிரியரும் வேண்டும். வடலூரில் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கிருந்து தெற்கே போகும் சாலையில்தான் சேத்தியாத்தோப்பு இருக்கிறது.