கஞ்சி தின்னும் நொதி: கொங்கு ஜவுளியில் நுண்ணுயிர்களின் வேலை

நெசவில் கஞ்சி ஏற்றுவது ஒரு வேலை என்றால், ஏற்றிய கஞ்சியை இறக்குவது இன்னொரு வேலை. தறியில் பாவு நூல் ஓயாமல் உரசுகிறது, இழுபடுகிறது. அறுந்து போகாமல் அதைக் காப்பது கஞ்சிப் பூச்சுதான். ஆனால் அதே கஞ்சி துணியில் தங்கிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சென்னிமலை, ஈரோடு, சோமனூர் என நெசவூர்கள் நெருங்கிக் கிடக்கும் கொங்கு நாட்டில், கஞ்சி இறக்கும் வேலை அழுகலில் தொடங்கி நொதியில் வந்து நிற்கிறது.

கைத்தறிக்காரர்கள் விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவிக் காயவிடுவார்கள். ஆலைகளும் விசைத்தறிகளும் வந்தபின் அந்த வேலை கஞ்சி ஏற்றும் சைசிங் பட்டறைகளுக்குப் போனது. சேலம், நாமக்கல் பக்கம் விளையும் குச்சிக்கிழங்கின் மாவும் பாவுக்குப் பசையானது. அரிசியோ கிழங்கோ, இரண்டிலும் இருப்பது மாவுச்சத்து. குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த அந்த நீண்ட சங்கிலி குளிர்ந்த நீரில் கரையாது. சங்கிலியைத் துண்டாக்கினால்தான் கஞ்சி துணியை விட்டு நீங்கும்.

இதற்குப் பழைய வழி, துணியை நனைத்துத் தொட்டியில் ஓரிரவோ ஒரு நாளோ ஊறப்போடுவது. தண்ணீரிலும் துணியிலும் தானாக வளரும் பாக்டீரியாக்கள் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதியைச் சுரக்கும். கஞ்சி இளகிப் போகும். செலவில்லாத முறைதான், ஆனால் எந்தக் கிருமி வளரும் என்பது யார் கையிலும் இல்லை. பூஞ்சை பிடித்தால் கறை விழும். ஊறும் நேரம் கூடினால் கஞ்சியோடு நூலும் இற்றுப் போகும். நீர்த்த அமிலத்தில் ஊறவைப்பது விரைவான மாற்று வழி. ஆனால் அமிலம் ஓரிடத்தில் காய்ந்துவிட்டால் பருத்தி அங்கே பொடிந்துவிடும்.

அழுகலுக்குள் வேலை செய்தது போன்ற பொருளைப் பிரித்தெடுத்தவர்கள் பிரெஞ்சு வேதியியலாளர்களான பாயனும் பெர்சோவும். 1833-இல் அவர்கள் முளைகட்டிய பார்லியிலிருந்து டயஸ்டேஸ் என்ற பொருளை எடுத்தனர். அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கியது. 1870களில் வில்ஹெல்ம் கூனே இத்தகைய பொருள்களுக்கு, அதாவது நொதிகளுக்கு, ‘என்சைம்’ என்று பெயரிட்டார். உயிருள்ள செல்லே இல்லாமல் ஈஸ்ட் சாறு மட்டும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று 1897-இல் எடுவர்ட் புக்னர் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாசில்லஸ் பாக்டீரியாவை வளர்த்து, மாவுச்சத்தை வெட்டும் அமைலேஸ் நொதியை எடுக்கும் முறை தொழிலாகி, ஜவுளிக்கு வந்தது.

கொங்கு நாட்டில் ஆலைத் தொழில் 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலையோடு கோயம்புத்தூரில் தொடங்கி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பெருகியது. 1956-இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா இங்கே அமைந்தது. பட்டறைகளில் இன்று பாக்டீரியா அமைலேஸ் 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலையை முடிக்கிறது. கஞ்சி போய்விட்டதா என்று அறியச் சோதனை எளிது: துணியில் ஒரு சொட்டு அயோடின் கரைசல். கருநீலம் தெரிந்தால் மாவுச்சத்து இன்னும் மிச்சம். மஞ்சளாகவே நின்றால் துணி அடுத்த வேலைக்குப் போகலாம். அமைலேஸ் மாவுச்சத்தை மட்டுமே வெட்டும், பருத்தியின் செல்லுலோஸைத் தொடாது. அமிலத்துக்கு இல்லாத குணம் இது.

திருப்பூரின் கதை வேறு. பனியன் துணி பின்னல் துணி என்பதால் பாவும் இல்லை, கஞ்சியும் இல்லை. அங்கே தொல்லை தருவது பிசிறு. துணிமேல் நீட்டி நிற்கும் நுண்ணிழைகள் துவைக்கத் துவைக்கச் சுருண்டு சின்னச் சின்ன உருண்டைகளாகும். அவற்றை நீக்கும் நொதி ஒரு பகையிடமிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களையும் உடைகளையும் அரித்துத் தின்ற பூஞ்சைதான் டிரைக்கோடெர்மா ரீசெய். அதன் செல்லுலேஸ் நொதியை 1980களின் இறுதியிலிருந்து ஜவுளித் தொழில் பயன்படுத்தத் தொடங்கியது.

பட்டறைகளில் இதற்கு பயோ வாஷ் என்று பெயர். சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில், 50 டிகிரியையொட்டிய சூட்டில், சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் துணி சுழலும். நொதி பிசிறின் அடியைப் பலவீனமாக்கும். துணி புரள்கிற வேகத்தில் அது ஒடிந்து விழும். வேலை முடிந்ததும் சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றியோ காரத்தன்மையைக் கூட்டியோ நொதியைச் சாகடிக்க வேண்டும். விட்டுவைத்தால் அது துணியையே தின்னத் தொடங்கும். எடையில் மூன்று முதல் ஐந்து சதவீதம் குறையலாம். துணியைக் கிலோ கணக்கில் விற்கும் ஊரில் இந்தக் கணக்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பார்கள்.

இன்னொரு நொதி கேட்டலேஸ். ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்த துணியில் மிச்சம் தங்கினால் சாயம் கெடும். முன்பு பலமுறை அலச வேண்டியிருந்தது. இப்போது கேட்டலேஸ் பெராக்சைடைச் சில நிமிடங்களில் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துவிடுகிறது. ‘பெராக்சைடு கில்லர்’ என்றால் சாயப்பட்டறைக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

ஜவுளியில் நொதி பெரும்பாலும் உடைக்கிறது. மருந்துத் தொழிலில் அதுவே கட்டவும் செய்கிறது. 1930களில் டாடியஸ் ரைஹ்ஸ்டைன் வைட்டமின் சி தயாரித்த முறையில் ஒரு படி பாக்டீரியாவுடையது: அது சார்பிட்டாலைச் சார்போஸாக மாற்றியது. 1952-இல் அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் ரைசோபஸ் பூஞ்சையைக் கொண்டு புரோஜெஸ்ட்ரோன் மூலக்கூறில் குறிப்பிட்ட ஒரே இடத்தில் ஆக்ஸிஜனை ஏற்றியது. கார்டிசோன் தயாரிப்பு அதனால் எளிதானது. எந்த இடத்தைத் தொட வேண்டும், எதை விட வேண்டும் என்ற இந்தத் தேர்வுத்திறனே பருத்தியைத் தொடாமல் கஞ்சியை மட்டும் வெட்டும் அமைலேஸிலும் இருப்பது.

நொதிகள் வந்ததால் அமிலமும், அலசும் தண்ணீரும், எரிபொருளும் குறைந்தன. ஆயினும் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றை அவற்றால் காக்க முடியவில்லை. அந்த ஆற்றின் குறுக்கே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சிக்கலின் வேர் உப்பு. பருத்தியில் சாயம் ஏற லிட்டர் கணக்கில் நீரும், அதில் கரைத்த உப்பும் வேண்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பாக்டீரியாக்கள் கரிமக் கழிவைத் தின்னும். உப்பைத் தின்ன எந்த நொதியும் இல்லை. அதைச் சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கும் இயந்திரங்களும்தான் பிரித்தெடுக்கின்றன.