வண்ணத்துக்குக் காத்திருந்தவர்கள்

மதுரைக்குத் தெற்கே கரிசல் சமவெளியில் உள்ள சிவகாசி, தீப்பெட்டி லேபிள்களையும் நாட்காட்டிகளையும் பல வண்ணங்களில் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பிய ஊர். அங்கிருந்தே 1972-இல் 'முத்து காமிக்ஸ்', 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கியது. 1984-இல் 'லயன் காமிக்ஸ்' உடன் சேர்ந்தது. வண்ண அச்சுக்குப் பேர்போன ஊர், சிறுவர்க்கு அளித்தவையோ பெரும்பாலும் சாணித்தாளில் கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள். விந்தைதான், ஆயினும் விலை பிள்ளைகளின் கைக்கு எட்டியது அந்தச் சிக்கனத்தால் அன்றோ!

2012 முதல் வழவழப்பான தாளில் முழுவண்ண இதழ்கள் வரலாயின. அவற்றுக்குக் காத்திருந்தோர் சிறுவர் அல்லர். நரை கண்ட பழைய வாசகர்களே. பெல்ஜிய ஓவியர் மோரிஸ் படைத்த 'லக்கி லுக்' வண்ணத்துக்கென்றே பிறந்தவன். மாயாவியின் நிலை வேறு. ஸ்பானிய ஓவியர் பிளாஸ்கோ கறுப்பு மையின் நிழலை நம்பியே அவனை வரைந்தார். பழைய சாணித்தாள் பிரதிகளைத் தேடுவோர் இன்னும் ஓயவில்லை.