ஆர்பத்நாட் வீழ்ச்சி புகட்டும் பாடம்

இராயபுரத்திலிருந்து தெற்கே துறைமுகத்தை ஒட்டிச் சென்றால் கடற்கரைச் சாலையில் பெரும் வங்கிக் கட்டடங்களைக் காணலாம். இன்று இராஜாஜி சாலை எனப்படும் அவ்வழியே மூட்டை சுமந்த கைகளுள் நம் முன்னோரின் கைகளும் உண்டு. ஆயினும் அக்கட்டடங்களுக்குள் பணம் இயங்கும் முறையை அறியும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. அதனை நாம் அறிதல் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னையில் புகழ்பெற்று விளங்கியது ஆர்பத்நாட் கம்பெனி. வாணிபத்தோடு, பொதுமக்களிடம் வைப்புத் தொகை பெற்று வட்டி தரும் தொழிலையும் அது நடத்தியது. செல்வர் மட்டுமன்றிச் சிறு சேமிப்பாளரும் அதனை நம்பினர். 1906 அக்டோபர் 22 அன்று அந்நிறுவனம் நொடித்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 1907இல் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

வீழ்ச்சிக்குக் காரணம் யாது? நாம் செலுத்தும் பணம் வங்கிப் பெட்டியில் அப்படியே இருப்பதில்லை. பெரும்பகுதி கடனாக வெளியே செல்கிறது. கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய பணத்தை, விரைவில் திரும்பாத முயற்சிகளில் முடக்கினால் நெருக்கடி நேரும். ஆர்பத்நாட்டோடு பிணைந்திருந்த இலண்டன் நிறுவனம் ஊக வாணிபத்தில் பெரும் நட்டமடைந்தது. வைப்பாளரின் பணமும் அத்துடன் கரைந்தது. கணக்கைச் சோதித்துத் தடுக்கும் ரிசர்வ் வங்கி அன்று இல்லை. அது 1935இல்தான் தோன்றியது.

அழிவிலிருந்து ஆக்கமும் பிறந்தது. வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொடங்கியது. 1969இல் அது நாட்டுடைமையாயிற்று. 1962 முதல் வைப்புத் தொகைக்குக் காப்பீடும் வந்தது. அன்று 1,500 ரூபாயாக இருந்த அதன் வரம்பு, 2020இல் 5 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

இக்காப்பீடு வங்கிகளுக்கே உரியது. மாதந்தோறும் பெருவட்டி தருவதாக ஆசை காட்டும் நிதி நிறுவனங்களுக்கு இல்லை. அத்தகையோரிடமிருந்து மக்களைக் காக்கத் தமிழக அரசு 1997இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. செல்வர் இழப்பது செல்வத்தில் ஒரு பகுதி. உழைப்பாளி இழப்பதோ மகளின் கல்லூரிக் கட்டணம்.

எனவே இளைஞர்களே, பணம் கொடுக்குமுன் கேளுங்கள்: இது எங்கே செல்கிறது? இவ்வட்டி எவ்வாறு ஈட்டப்படுகிறது? கணக்கைச் சோதிப்பவர் யார்? ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் நூல் வெளியிட்டவர் அண்ணல் அம்பேத்கர். அவர் வழிவந்த நாம் இக்கேள்விகளைக் கேட்கத் தயங்கலாமா?