அந்தோணி ஜான்சனின் 250 ஏக்கர்: பத்திரங்கள் சொல்லும் குடும்பக் கதை

ஒரு குடும்பத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் யாரைக் கேட்பது? பாட்டியைக் கேட்கலாம், தாத்தாவைக் கேட்கலாம். ஆனால் அந்தக் குடும்பம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தடமில்லாமல் போயிருந்தால்? அப்போது பேச வேண்டியவை நிலப் பத்திரங்களும் உயில்களும் வழக்கு ஏடுகளும்தாம்.

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் நார்தாம்ப்டன் என்றொரு வட்டாரம் இருக்கிறது. இதன் நீதிமன்ற ஏடுகள் 1632ஆம் ஆண்டு தொடங்கி அறுபடாமல் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. வெர்ஜீனியாவின் பல வட்டாரங்களில் இத்தகைய ஏடுகள் போரிலும் தீயிலும் அழிந்துவிட்டன. நார்தாம்ப்டன் ஏடுகள் தப்பியதால்தான் அந்தோணி ஜான்சன் என்ற நில உடைமையாளரை இன்று நாம் அறிய முடிகிறது. அவர் ஓர் ஆப்பிரிக்கர் என்பதுதான் இந்தக் கதையின் சிறப்பு.

பெயர்ப் பட்டியலில் தொடங்கும் தடம்

1625ஆம் ஆண்டு வெர்ஜீனியாவில் எடுக்கப்பட்ட குடிமக்கள் பட்டியலில் 'அந்தோனியோ' என்று ஒரு பெயர் காணப்படுகிறது. கூடவே அவர் ஒரு நீக்ரோ என்ற குறிப்பு. 1621இல் 'ஜேம்ஸ்' என்ற கப்பலில் வந்தவர். வேலை செய்தது பென்னட் குடும்பத்தின் புகையிலைத் தோட்டத்தில். 1622 மார்ச் மாதம் பூர்வகுடியினர் நடத்திய தாக்குதலில் அந்தத் தோட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பிய சிலரில் இவரும் ஒருவர். அதே ஆண்டில் வேறொரு கப்பலில் வந்த மேரி என்ற பெண்ணும் அதே தோட்டத்துப் பட்டியலில் இருக்கிறார். இவரே பின்னாளில் அந்தோனியோவின் மனைவியானவர்.

அதற்குப் பிறகு நீண்ட மௌனம். 1651இல் நார்தாம்ப்டன் பகுதியில் 250 ஏக்கர் நிலம் அந்தோணி ஜான்சன் என்பவர் பெயரில் பதிவாகிறது. காலனிக்கு ஓர் ஆளைத் தம் செலவில் வரவழைத்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்பது அன்றைய விதி. ஐந்து பேருக்கான உரிமையைக் காட்டி அவர் 250 ஏக்கர் பெற்றார்.

அந்தோனியோவும் அந்தோணி ஜான்சனும் ஒரே ஆள்தான் என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் ஏடுகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1653இல் ஜான்சன் வீட்டுப் பண்ணையில் தீப்பிடித்துப் பெரும் சேதம். குடும்பம் நீதிமன்றத்திடம் சலுகை கேட்டது. கறுப்பினப் பெண்களுக்கும் தலைவரி விதித்த சட்டம் 1643 முதலே நடப்பில் இருந்தது. நீதிமன்றமோ மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் அவர்கள் வாழ்நாள் முழுவதும் அந்த வரியைத் தள்ளுபடி செய்தது. அந்தக் குடும்பம் வெர்ஜீனியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருப்பதாகவும் உத்தரவில் எழுதியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 1620களின் தொடக்கத்தில் கப்பலேறி வந்த அந்தத் தம்பதியிடம் போய் நிற்கிறோம்.

கறை படிந்த ஒரு பக்கம்

ஏடுகள் நல்லதை மட்டும் சொல்வதில்லை. ஜான்சனின் பண்ணையில் ஜான் கேசர் என்ற ஆப்பிரிக்கர் வேலை செய்தார். தம் ஒப்பந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று கூறி அவர் அண்டைப் பண்ணைக்காரரான ராபர்ட் பார்க்கரிடம் போய்ச் சேர்ந்தார். ஜான்சன் வழக்குத் தொடுத்தார். 1655 மார்ச் மாதம் நீதிமன்றம் கேசரை வாழ்நாள் முழுவதும் ஜான்சனுக்கே உரியவர் என்று திருப்பி அனுப்பியது. அடிமைத்தனத்தின் வலியை அறிந்த ஒருவரே மற்றொருவரை அடிமையாக வைத்திருந்தார் என்பதை மறைக்க முடியாது. அன்று அவரை ஓர் உடைமையாளராக ஏற்று நீதி வழங்கிய அதே நார்தாம்ப்டனில், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் காற்று திசை மாறியது.

பறிபோன 50 ஏக்கர்

தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்று 1662இல் வெர்ஜீனியா சட்டம் இயற்றியது. அடிமைத் தாய்க்குப் பிறந்த பிள்ளையும் அடிமை என்றாகிவிட்டது. 1665 வாக்கில் ஜான்சன் 200 ஏக்கரை விற்றார், மீதி 50 ஏக்கரை மகன் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். மேரியுடன் மேரிலாந்தின் சோமர்செட் பகுதிக்குக் குடிபெயர்ந்து 300 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார்.

1670இல் அவர் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் வெர்ஜீனியாவின் நடுவர் குழு ஒன்று, ரிச்சர்டுக்குத் தந்தை கொடுத்த 50 ஏக்கரைப் பற்றி முடிவு சொன்னது. அந்தோணி ஜான்சன் கறுப்பர், ஆகவே அந்நியர், எனவே நிலம் அரசுக்கே உரியது. அவ்வளவுதான்! ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டு உழைப்பு, வரி கட்டிய பதிவு, பெயர் பொறித்த பத்திரம் எதுவும் கணக்கில் வரவில்லை. உயிரோடு இருந்தவரை நீதிமன்றத்தில் வாதாடி வென்றவர், மண்ணுக்குள் போன பிறகு அந்நியரானார்.

பேரன் வைத்த பெயர்

மேரி தளர்ந்துவிடவில்லை. மேரிலாந்து நிலத்தின் குத்தகையைத் தொடர்ந்தார். 1672இல் தம் மாடுகளைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைத்தார். நிலம் கைவிட்டுப் போகலாம், கன்றோடு ஒரு பசு இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அந்த மூதாட்டி நினைத்திருக்கக் கூடும்.

1677இல் பேரன் ஜான் 44 ஏக்கர் நிலம் வாங்கினார். அந்தப் பண்ணைக்கு அவர் வைத்த பெயர் 'அங்கோலா'. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள அந்த மண்ணைப் பேரன் கண்ணால் கண்டவரல்லர். குடும்பத்தின் வேர் எங்கே இருந்தது என்பதற்கு அந்த ஒரு சொல்லே தடயமாக நிற்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏடுகளிலிருந்து ஜான்சன் குடும்பம் மெல்ல மறைந்துவிடுகிறது.

ஒரு குடும்பத்தை அந்நியர் என்று ஒதுக்கிய எழுத்தர்கள்தாம், தங்களையும் அறியாமல் அந்தக் குடும்பத்தின் பெயரையும் உழைப்பையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பத்திரம் வெறும் காகிதம் என்று இனி யாரும் அலட்சியமாகச் சொல்ல மாட்டோம் அல்லவா?