கருவியியல் கல்வி

கருவியியல் கல்வி என்பது வெப்பநிலை, அழுத்தம், பாய்வு முதலியவற்றை அளக்கும் கருவிகளையும், அளந்த மதிப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் பொறியியல் மாணவர்களுக்குக் கற்பிக்கும் துறையாகும். இது பிற பொறியியல் படிப்புகளில் ஒரு பாடமாகவும், தனிப் பட்டப்படிப்பாகவும் உள்ளது.

வரலாறு

சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னை தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) வானூர்தியியல், தானுந்தியல், மின்னணுவியல் ஆகியவற்றுடன் கருவித் தொழில்நுட்பமும் தொடக்கத்திலேயே தனிப்பிரிவாக அமைந்தது. பொறியியல் என்றாலே கட்டடமும் இயந்திரமும் மின்சாரமும் என்றிருந்த காலத்தில் இது துணிவான முடிவாகும். இக்கழகம் 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. புதுவையில், பிள்ளைச்சாவடியில் 1984இல் தோன்றிய பொறியியல் கல்லூரியில் மின்னணு, கருவியியல் துறை அமைந்தது. அக்கல்லூரி 2020இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

கற்பித்தலில் உள்ள சிக்கல்

எண்முறைத் திரையில் தெரியும் எண்ணை மாணவர்கள் அப்படியே நம்பிவிடுகின்றனர். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருந்தால் நம்பிக்கை மேலும் கூடுகின்றது. இதனை உடைக்கப் பிளாட்டினத் தடை வெப்பமானிச் சோதனை ஏற்றது.

இவ்வெப்பமானியின் தடை 0 பாகை செல்சியசில் 100 ஓம், 100 பாகையில் ஏறத்தாழ 138.5 ஓம். அதாவது பாகைக்குச் சுமார் 0.385 ஓம். இரு கம்பிகளால் இணைக்கும்போது கம்பிகளின் தடையும் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. அது 1 ஓம் எனில், கருவி ஏறத்தாழ 2.6 பாகை கூட்டிக் காட்டும். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் போன்றதொரு மருத்துவமனைக்குக் கருவி வடிவமைக்கப்போகும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்: நலமாயுள்ளவரின் 37 பாகை, திரையில் 39.6 பாகைக் காய்ச்சலாகிவிடும். நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் இப்பிழை நீங்காது. இது முறைசார் பிழை எனப்படும்.

மூன்றாவது கம்பியைச் சேர்த்து வீட்ஸ்டன் சமனச்சுற்றில் இணைத்தால், கம்பித் தடைகள் அடுத்தடுத்த புயங்களில் அமைந்து ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. உடல் வெப்பநிலையை அளக்கப் பெரும்பாலும் வெப்பத்தடையம் (தெர்மிஸ்டர்) பயன்படுவதற்கும் இதுவே ஒரு காரணம். 25 பாகையில் 2252 ஓம் தடையுள்ள வகை பரவலானது. அதன் தடை பாகைக்குச் சுமார் 4 விழுக்காடு மாறுவதால், கம்பியின் 1 ஓம் அங்கே பொருட்படுத்தத் தக்கதன்று.

தொழிற்சாலைகளில் அளவைத் தொலைவுக்கு அனுப்ப 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையான மின்னோட்டம் வழக்கிலுள்ளது. சுழியிலிருந்து ஏன் தொடங்கவில்லை என்பது வாய்மொழித் தேர்வுகளில் தவறாமல் வரும் வினா. கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகும். மிகக்குறைந்த அளவைக் குறிப்பது 4 மில்லிஆம்பியர் என்பதால், பழுதும் அளவும் ஒன்றாகத் தோன்றா.