ஆவிகளைப் பகுத்தறிதல்

அலிப்பூரில் வுட்லண்ட்ஸ் மருத்துவமனையைக் கடந்து செல்லும் நம்மவர் பலர், அது ஒரு மாளிகையின் பெயர் என்பதை அறியார். கூச் பிகார் மன்னர் குடும்பத்தார் கல்கத்தாவில் தங்கிய இல்லம் அது. அக்குடும்பத்துக்கு மருமகளாய்ச் சென்ற சுனிதி தேவியின் திருமணம் வங்காளத்துப் பக்தர் உலகை இரண்டாகப் பிளந்தது. 'இது இறைவன் குரல்' என்று பெரியவர் ஒருவர் கூறிவிட்டால் மற்றையோர் செய்யத்தக்கது யாது என்பதே அன்று எழுந்த வினா.

சுனிதியின் தந்தை கேசவ சந்திர சேனர், பிரம்ம சமாஜத் தலைவர். 1864-இல் அவர் சென்னைக்கு வந்ததன் பயனாக அங்கே வேத சமாஜம் தோன்றியது. அவர் கிறிஸ்தவர் அல்லர். எனினும் இயேசுவின்பால் அவர் காட்டிய பக்தி கிறிஸ்தவரையும் வியக்கச் செய்தது. அவரது முயற்சியால் பிறந்த 1872-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம், மணமகளுக்கு 14, மணமகனுக்கு 18 எனக் குறைந்த அளவு வயதை வரையறுத்தது. 1878 மார்ச்சில் அவரே தம் மகளை இளம் மன்னர் நிருபேந்திர நாராயணருக்கு மணமுடித்தார். மகளுக்கு 14 நிரம்பவில்லை. மன்னருக்கு 16 கூட நிரம்பவில்லை. சமஸ்தானத்தில் அச்சட்டம் செல்லாது என்பது மெய்யே. ஆனால் கேசவர் அவ்வாதத்தோடு நில்லாமல், இது தமக்குக் கிடைத்த 'ஆதேசம்', அதாவது இறைவன் கட்டளை என்றார்.

அவர் வஞ்சகர் அல்லர் என்பது நம் கருத்து. வஞ்சகராக இருந்திருப்பின் அடியார்களின் பணி எளிதாயிருக்கும். தங்களுக்குப் பிரார்த்தனை செய்யக் கற்பித்தவரையே அவர்கள் எதிர்க்க வேண்டியிருந்தது. சிவநாத சாஸ்திரி, ஆனந்த மோகன் போஸ் முதலியோர் அதற்குத் துணிந்தனர். 1878 மே 15-ஆம் நாள் சாதாரண பிரம்ம சமாஜத்தை நிறுவி, ஒருவர் செவியில் விழுந்த குரல் எல்லோரையும் கட்டாதவாறு, உறுப்பினர் வாக்கினால் நடக்கும் அமைப்பு விதிகளை வகுத்தனர்.

இதே ஆண்டுகளில் தெற்கே திருவிதாங்கூர்க் கிறிஸ்தவரிடையே இவ்வினா இன்னும் கடுமையாக எழுந்தது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் இராமையன் எனப் பிறந்து, 1861-இல் குடும்பத்தாரோடு ஞானஸ்நானம் பெற்றவர் யுஸ்தூஸ் யோசேப்பு. 'வித்துவான் குட்டி' என்று புகழ்பெற்ற கவிஞர், மிஷன் சங்கத்துக் குருவானவர். 1873-இல் அங்கே பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. மக்கள் பாவங்களை அறிக்கையிட்டு அழுதனர். இதுவரை குறை கூற ஏதுமில்லை. பின்னர், 1881-இல் கிறிஸ்து மீண்டும் வருவார் என்றொரு தீர்க்கதரிசனம் அக்கூட்டத்தில் எழுந்தது. யோசேப்பு அதை ஏற்றுப் பிரசங்கித்தார். மிஷன் சபை அவரை விலக்கியது.

நாள் குறித்த தீர்க்கதரிசனத்தில் ஒரு நன்மையுண்டு: அந்நாள் வந்தே தீரும். 1881 வந்தது, சென்றது. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியோரோ, வாக்குப் பொய்த்ததென்று கொள்ளாமல், புதிய யுகமே பிறந்துவிட்டதாகப் பொருள் கூறி 'யுயோமயம்' என்னும் சபையாயினர். பிழையான கணக்கைவிட, பொய்த்த பின்னும் அதைக் காக்கப் புனைந்த இவ்விளக்கமே பெரிய மயக்கம் என்போம்.

ஆதித் திருச்சபை இவ்வாபத்தை நன்கறிந்திருந்தது. 'திதாகே' என்னும் பழைய கிரேக்கக் கையேடு, ஊர்விட்டு ஊர் வரும் தூதுவர் மூன்று நாள் தங்கினாலும் பணம் கேட்டாலும் அவர் பொய்யர் என்கிறது. பேச்சின் உருக்கத்தை அது அளவுகோலாக்கவில்லை. நடத்தையைப் பார்க்கச் சொல்கிறது. கேட்ட குரலால் கேட்டவருக்கே ஆதாயமா என்று பார்க்கும் இவ்வுலகியல் அறிவு கேசவர் வழக்குக்கும் பொருந்தும். இந்நூலின் ஏட்டைப் பிரியேன்னியோஸ் என்னும் கிரேக்க அறிஞர் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்த ஆண்டும் 1873 தான், அச்சேறியது 1883-இல். திருவிதாங்கூராருக்கு அது எட்டியிருக்க வழியில்லை. ஆனால், சொன்னது நடவாவிட்டால் அது கர்த்தர் சொன்னதன்று என்று விதிக்கும் உபாகமத்தின் பதினெட்டாம் அதிகாரம் அவர்கள் கையிலேயே இருந்தது.

யுஸ்தூஸ் யோசேப்பு 1887-இல் காலமானார். அவருடைய மலையாளக் கீர்த்தனைகளை, அவர் குறித்த ஆண்டை ஒருபோதும் ஏற்காத சபையாரும் இன்றளவும் பாடி வருகின்றனர்.