பட்டாளத்துக்குப் போன பாட்டனார்: தென்காசி வட்டாரத்தில் படைவீரர் வழிமரபுத் தேடல்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் படைவீரராக இருந்த ஒரு முன்னோரின் வரலாற்றைத் தேடும்போது, அவர் எந்தப் போருக்குப் போனார் என்பதைவிட யாரிடம் சம்பளம் வாங்கினார் என்பதே முதலில் தெரிய வேண்டும். இவ்வட்டாரம் முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க செங்கோட்டையோ திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. வடக்கே சிவகிரி, சொக்கம்பட்டி, நெற்கட்டும்செவல் என்று பாளையங்கள் இருந்தன. இவற்றையெல்லாம் உள்ளடக்கிய இன்றைய தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் உருவானது. ஆகவே பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவரின் ஆவணங்கள், ஒன்று சென்னை எழும்பூரிலும் மற்றொன்று திருவனந்தபுரத்திலுமாகக் கிடப்பதில் வியப்பில்லை.

பாளையக்காரர் காலத்து வீரரைத் தேடுவதே எல்லாவற்றிலும் கடினம். நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் 1755இல் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஹெரானின் படையை எதிர்த்து நின்றார். 1761இல் அவருடைய கோட்டைகள் கும்பினிப் படைத்தலைவர் யூசுப்கானிடம் வீழ்ந்தன. இந்த ஆண்டுகள் கும்பினியின் கடிதங்களால் உறுதியாகின்றன. ஆனால் கோட்டைக்குள் நின்றவர்களின் பெயர்களை எழுதிவைக்கும் வேலை கும்பினிக்கு இருக்கவில்லை. பூலித்தேவரின் தளபதிகளாக இன்று போற்றப்படும் ஒண்டிவீரன், வெண்ணிக் காலாடி பற்றிய செய்திகளும் பெரும்பாலும் வாய்மொழி மரபாகவே வந்தவை. வாய்மொழி என்பதற்காக அவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆண்டு, எண்ணிக்கை ஆகியவற்றுக்கு மட்டும் அவற்றை நம்பக் கூடாது. காலின் மெக்கன்சி திரட்டிய ஓலைகளிலும் கையெழுத்துப் படிகளிலும் பாளையக்காரர் வம்சாவளிகள் உண்டு. அவை சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. பாளையக்காரரின் முன்னோரை அவை வரிசையாகச் சொல்லும். அவருடைய சேர்வைக்காரர்களையும் காவல்காரர்களையும் அங்கே அரிதாகவே காணலாம்.

அவர்களைக் காண உதவுவது நில ஆவணம். பாளையத்துக்கு ஊழியம் செய்தவர்களுக்கும் ஊர்க்காவல் செய்தவர்களுக்கும் மானியமாக நிலம் தரப்பட்டது. 1801 பாளையக்காரர் போருக்குப்பின் பாளையங்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டுக் கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1803இல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. சண்டை போட ஆளில்லை என்றானபின்பும் மானிய நிலம் குடும்பத்தின் கையில் தொடர்ந்த இடங்கள் உண்டு. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் அத்தகைய நிலங்களை ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிவேடு எழுதியது. மானியம் எதற்காகத் தரப்பட்டது, முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு என்ன வயது, முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பன அதில் உள்ளன. சுருங்கச் சொன்னால், அரசே எழுதிக்கொடுத்த ஒரு குடும்ப மரம் அது. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இதைப் பார்க்காமல் எழுதப்படும் குடும்ப வரலாறு எதுவும் முழுமையாகாது.

பூர்வீக ஊரே தெரியாத குடும்பங்களுக்குக் கோயில்தான் வழி. பங்குனி உத்திரத்தன்று தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போவது திருநெல்வேலி, தென்காசிப் பகுதியின் வழக்கம். எந்த ஊருக்குக் குடிபெயர்ந்திருந்தாலும் அன்றைக்கு அங்கே வந்து பொங்கலிடுவார்கள். ஒரே சாஸ்தாவைக் கும்பிடும் பங்காளிகளிடம் கேட்டால், தன் வீட்டில் மறந்துபோன மூன்று தலைமுறைப் பெயர்கள் அவர்கள் வாயிலிருந்து வரும். போரில் பட்டவரைத் தெய்வமாக்கி வழிபடும் வழக்கமும் இங்கு உண்டு. சாஸ்தா கோயிலின் பரிவார பீடங்களில் ஒன்று அத்தகைய முன்னோருடையதாகவும் இருக்கலாம்.

கும்பினியின் சென்னைப் படையிலும் பின்னர் வந்த பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் சேர்ந்தவருக்குக் காகிதம் உண்டு, குழப்பமும் உண்டு. குழப்பத்தில் முதலாவது ரெஜிமென்ட்டின் பெயர். 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் ஜெர்மானியரோடு மோதித் தோல்வி கண்ட படைகளுள் ஒன்று. பெயரைப் பார்த்து அதில் இருந்தவரெல்லாம் நெல்லைச் சீமைக்காரர் என்று முடிவுகட்டக் கூடாது. சென்னை மாகாணத்தின் பல பகுதி ஆட்களும் அத்தகைய படைகளில் இருந்தனர். தவிர, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராபர்ட்ஸ் பிரபு போன்றோர் வடக்கத்தியரையே போர்க்குணம் உடையவர்கள் என்று கருதியதால் சென்னைக் காலாட்படை சுருங்கியது. எனவே ‘ஜெர்மன் சண்டை’ எனப்பட்ட முதல் உலகப் போருக்குப் போன தென்காசிப் பாட்டனார் துப்பாக்கி ஏந்திய சிப்பாயாக அல்லாமல் சாப்பர், பயனியர், தொழிலாளர் படையாள், ஆஸ்பத்திரி ஊழியர் ஆகியோரில் ஒருவராக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. குடும்பங்கள் இதை ஏற்கத் தயங்குவது உண்டு. மண்வெட்டி பிடித்தவரும் அதே கப்பலில்தான் பஸ்ராவுக்குப் போனார்.

இரண்டாவது குழப்பம் ஆளின் பெயர். குடும்பப் பெயர் இல்லாத தமிழரை ஆங்கில எழுத்தில் பதிந்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே முத்துசாமி நான்கு விதமாக இருப்பார். ஊரின் பெயரிலும் பழைய எழுத்துக்கூட்டையே தேட வேண்டும்: திருநெல்வேலிக்கு ‘டின்னவெல்லி’, செங்கோட்டைக்கு ‘ஷென்கோட்டா’, குற்றாலத்துக்கு ‘கோர்ட்டாலம்’. இந்த இடரில் ஒரு நன்மையும் உண்டு. சுடலைமுத்து, இசக்கிமுத்து, மாடசாமி, குற்றாலிங்கம் என்ற பெயர்கள் தென்கோடியின் முத்திரை. பட்டியலில் இவற்றுள் ஒன்று கண்ணில் பட்டால் மாவட்டத்தை ஏறக்குறைய ஊகித்துவிடலாம்.

உலகப் போர்களில் இறந்தவரைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் இணையம் வழியாகத் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் உண்டு. சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறை, சிங்கப்பூரின் கிராஞ்சி, ரங்கூனை அடுத்த தாவ்க்யான் ஆகிய நினைவிடங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு முக்கியமானவை. உயிரோடு திரும்பியவருக்கு ‘ஷீட் ரோல்’ எனப்படும் பணிப்பதிவே ஆதாரம். பிறந்த ஊர், தாலுகா, சேர்ந்த நாள், வாரிசு எல்லாம் அதில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பதிவகம் நீலகிரி வெலிங்டனிலும் மெட்ராஸ் சாப்பர்களுடையது பெங்களூரிலும் உள்ளன. படை எண் இல்லாமல் எழுதினால் பதில் வருவது அரிது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இதில் வழிகாட்டும்.

செங்கோட்டைக்காரர் கணக்கு வேறு. திருவிதாங்கூரின் நாயர் பிரிகேட் பெரும்பாலும் நாயர்களையே சேர்த்தது. எனவே செங்கோட்டைத் தமிழர் எல்லை தாண்டித் தென்காசிப் பக்கம் வந்து சென்னைப் படையில் பெயர் கொடுத்திருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. பின்னாளில் திருவிதாங்கூர் அரசுப் படையில் இருந்தவரென்றால், விடுதலைக்குப்பின் அப்படையின் பட்டாலியன்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்ததால் வெலிங்டனிலும் விசாரிக்கலாம். திருவிதாங்கூர் ஆவணங்களிலும் இப்பகுதியின் பழைய ஜாதகங்களிலும் கொல்லம் ஆண்டே இருக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1090 மாசி என்றால் 1915.

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் பல சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் வேரூன்றியவை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மலாயாத் தமிழர் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். அவர்களைப் பிரிட்டிஷ் படைப் பதிவுகளில் தேடிப் பயனில்லை. புதுடில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள இந்திய தேசிய ராணுவக் கோப்புகள், தியாகிகள் ஓய்வூதிய விண்ணப்பங்கள், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் ஆகியவையே அங்கு வழி.

இத்தனை அலுவலகங்களுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது வீட்டுப் பெட்டி. முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆள் இருந்தால் அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். வெள்ளிக்குப் பதில் வெண்கலமாக இருந்தால், பெற்றவர் தொழிலாளர் படையிலோ துணைப் பணியிலோ இருந்தவர் எனக் கொள்ளலாம். அப்படிப் பதக்கம் வைத்திருக்கும் குடும்பத்தார் அதைப் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்க வேண்டாம். விளிம்பிலுள்ள எண் அழிந்தால் பதிவகத்தில் கேட்க வேறு பிடி இருக்காது.